மூச்சுக்குழாய்க்கு ஒரு சிம்பு... வேலை முடிந்ததும் கரைந்துவிடும்!

கைக்குழந்தை தூங்கும்போது மூச்சில் 'கர்... கர்...' என்று சத்தம் கேட்டால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? "சளி கட்டியிருக்கு, தைலத்தைத் தேய்" என்பார் பாட்டி. (கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேய்க்கவே கூடாது. டப்பாவை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள்!) பெரும்பாலும் அது மூக்குச்சளியாக இருக்கும். அல்லது, குரல்வளை இன்னும் கெட்டிப்படாததால் வரும் சத்தமாக இருக்கும். அதுவும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயசுக்குள் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் ஏறக்குறைய 2,000 குழந்தைகளில் ஒன்றுக்குச் சிக்கல் இன்னும் கீழே இருக்கிறது. வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள். வரிவரியாக வளையம் இருப்பதால்தான் அது நசுங்காமல் நிற்கிறது. நம் மூச்சுக்குழாயிலும் குருத்தெலும்பாலான வளையங்கள் உண்டு. அவை பிறவியிலேயே தொளதொளவென்று இருந்தால்? மூச்சை வெளியே விடும்போது குழாய் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒட்டிக்கொண்டுவிடும்.

2, 3 வயதாகும்போது குருத்தெலும்பு கெட்டிப்பட்டு, பலருக்கும் இது சரியாகிவிடுகிறது. "வளர்ந்தா சரியாயிடும்" என்று டாக்டர் சொல்வது வாஸ்தவம்தான். நோய் கடுமையாக இருந்தால், அந்த வளர்ச்சி வரும்வரை குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமே! தொண்டையில் துளையிட்டு, மாதக்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்திருப்பதுதான் இதற்கு இருந்த வழி.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் அப்படி ஓர் ஆண் குழந்தை. பிறந்து 6 வாரத்தில் திடீரென்று மூச்சு நின்று உடம்பு நீலம் பாரித்தது. இடது நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாய் நசுங்கிப்போயிருந்தது. 2 மாதத்தில் வென்டிலேட்டர். அப்படியும் அடிக்கடி மூச்சு நின்றது. உயிரோடு வீடு திரும்புவானா என்பதே சந்தேகம் என்றார்கள்.

பக்கத்து மாநிலமான மிச்சிகனில், பல்கலைக்கழக டாக்டர் க்ளென் க்ரீனும், பொறியியல் பேராசிரியர் ஸ்காட் ஹாலிஸ்டரும் இதற்காகவே ஒரு சாதனத்தை உருவாக்கி வந்தார்கள். எலும்பு முறிந்தால் சிம்பு வைத்துக் கட்டுவதில்லையா? அதே மாதிரி மூச்சுக்குழாய்க்கு வெளியே மாட்டுகிற ஒரு சிம்பு. அதுவரை மனிதருக்கு வைத்ததில்லை. அரசின் அவசர அனுமதியும் பெற்றோரின் சம்மதமும் வாங்கிக்கொண்டு, 2012 பிப்ரவரியில், 3 மாதக் குழந்தைக்கு அதைப் பொருத்தினார்கள்.

இதை ஒரு பிரின்டர் செய்தது. எல்லோரும் பிரின்டரையே வாய்பிளந்து பார்த்தார்கள். என்னைக் கேட்டால், நிஜமான சாமர்த்தியம் அதில் போட்ட பவுடரில்தான் இருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். உலோகத்தில் செய்தால் பலமாக இருக்கும். ஆனால் குழந்தை வளரும், உலோகம் வளராதே! சீக்கிரம் கரைகிற பொருள் என்றால், குருத்தெலும்பு கெட்டிப்படுவதற்குள் காணாமல் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் பிடித்தது பாலிகேப்ரோலேக்டோன் என்ற பிளாஸ்டிக்கை. உடம்பின் ஈரத்தில் இது மெள்ள மெள்ளச் சிதைந்து, கடைசியில் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். அதற்கு ஆகும் காலம் சுமார் 3 வருஷம். குழாய் தன் காலில் நிற்கத் தேவையான காலமும் அதேதான்! இன்னொரு ஆபரேஷன் செய்து வெளியே எடுக்கும் வேலையே இல்லை.

செய்முறையும் சுவாரஸ்யமானது. குழந்தையின் சி.டி. ஸ்கேனிலிருந்து குழாயின் அளவைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. எலும்பிலும் பல்லிலும் உள்ள தாது 4 சதவிகிதம் கலந்த பிளாஸ்டிக் பவுடரை மெல்லிசாகப் பரப்பி, தேவையான இடத்தை மட்டும் லேசர் சூட்டால் இறுகச் செய்கிறார்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு, திரும்பவும் லேசர். இப்படியே கோலம்மேல் கோலமாக உருவம் எழும்புகிறது. இந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் சூட்டில் ரொம்பக் கவனம் வேண்டும். சுற்றியுள்ள பவுடரே தாங்கிக்கொள்வதால் சின்னச் சின்னத் துளைகள்கூடச் சிதையாமல் வரும். அந்தத் துளைகள் வழியாகத்தான் குழாயின் சுவரைச் சிம்போடு தையல் போட்டு விரித்து நிறுத்துகிறார்கள். சிம்பு முழு வளையமும் இல்லை. ஒரு பக்கம் திறந்திருக்கும். குழாய் பெரிதாகப் பெரிதாக அதுவும் விரிந்துகொடுக்கும்.

ஆபரேஷன் முடிந்து 7 நாளில் வென்டிலேட்டரைக் குறைக்க ஆரம்பித்தார்கள். 21-ம் நாள் முழுதாக எடுத்துவிட்டார்கள். குழந்தை வீட்டுக்குப் போனது! மூன்று குழந்தைகளுக்கு இப்படிச் செய்ததில், சிம்பால் எந்தக் கோளாறும் வரவில்லை என்று 2015-ல் அறிவித்தார்கள். மூன்று பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். கடுமையான நோய்க்கு மட்டுமே இந்த வைத்தியம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் குழந்தையின் மூச்சில் சத்தம் இருந்தால், எதைக் கவனிக்க வேண்டும்? மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறதா, பால் குடிக்க முடியாமல் திணறுகிறதா, எடை ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு நீலமானாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.