ஹெரால்டை லாரியில் ஏற்றும் முன்

வீட்டைக் காலிசெய்து சென்னையிலிருந்து புனேவுக்குப் போகிறோம். அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கூட வருகிறது. "ஓட்டிக்கிட்டே போயிடலாமே" என்றார்கள் சிலர். போகலாம்தான். ஆனால் சுமார் 1,200 கிலோமீட்டர், 948 சிசி இன்ஜின், டிரம் பிரேக். எனக்குத் துணிச்சல் வரவில்லை. லாரியில் ஏற்றுவது பற்றிப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன்.

இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரயம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. எடை சுமார் 800 கிலோதான். இன்றைக்கு அந்தத் தொழிற்சாலை இல்லை. பானெட் நசுங்கினால் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. அதனால் தூரத்தைவிட, வண்டியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

பம்பரில் கயிறு மாட்டி இறுக்கவே கூடாது. உடம்பைக் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கும்போது கட்டு தளரும். எழும்பும்போது வெடுக்கென்று இழுக்கும். டயருக்கு மேலே பெல்ட் போட்டுச் சக்கரத்தைக் கட்டுவதே சரி. சக்கரம் நகராது, கார் தன் ஸ்பிரிங்கிலேயே ஆடிக்கொண்டு வரும்.

கிரேனில் தூக்குவதும் வேண்டாம். ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு, உடம்பைத் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்பக்கம் மடங்கும் வகை. இறக்கி வைத்து, கொஞ்சம் உருட்டிய பிறகுதான் நேராகும். மடங்கிய நிலையிலேயே கட்டிவிட்டால், வழியில் அது நேராகும்போது பெல்ட் தொளதொளத்துப் போகும். சரிவான பலகை போட்டு, சேஸிஸில் கொக்கி மாட்டி மெதுவாக இழுத்து ஏற்றலாம்.

மூன்றாவது, பானெட். முன்பக்கம் கீல் வைத்து, மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாகத் திறக்கும். முகம் முன்னால் பார்க்க நின்றால் எதிர்க்காற்று அதை மூடியே வைக்கும். திறந்த லாரியில் திருப்பி நிறுத்தினால், கண்ணாடிப் பக்கம் உள்ள விளிம்புக்குள் காற்று புகுந்து தூக்கப் பார்க்கும். பிடித்து நிற்பவை பக்கவாட்டில் உள்ள இரண்டு கொக்கிகள் மட்டுமே. அதனால் முன்முகமாக ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது காகிதம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆவது பிரிவின்படி அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று தேவை. கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. காப்பீட்டிலும் ஒரு விஷயம்: உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நிறுவனமும் நாமும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். இதையும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

50 வருஷம் தாண்டிய, அசல் நிலையில் உள்ள வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. 'விண்டேஜ்' என்று பதிந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம்; வழக்கமாக ஓட்ட முடியாது.

அப்பா ஆசையாகத் துடைத்து வைத்த நம்பர் பலகை அது. இருந்தாலும் எண்ணைத்தான் விட்டுக்கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்ட முடியாத காரை அவ்வளவு தூரம் கொண்டுபோய் என்ன செய்ய?