சின்ன என்ஜின், பெரிய வேகம்: குண்டு போடாத விமானங்களின் கதை

விமானச் சத்தம் என்றால் நம்மில் பலருக்கு இன்றும் கிபிரும் பதுங்குகுழியும்தான் ஞாபகம் வரும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களையும் அந்தச் சத்தம் விடவில்லை. அப்படிப் போய், போருக்குப் பின் கஹவத்தைக்குத் திரும்பிய ஓர் அம்மாவை அண்மையில் சந்தித்தேன். பேரன் போனில் விமானப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல குண்டு இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை. இது 'ஃபார்முலா வன்' விமானப் பந்தயம். ஓர் ஆள் மட்டும் அமரும் சின்ன விமானங்கள்; பல, ஓட்டுபவர்களே வீட்டுக் கராஜில் கட்டியவை. 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இந்த வகைப் போட்டி தொடங்கியது. போர் விமானங்களை வாங்கி ஓட்டப் பணக்காரர்களால்தான் முடிந்தது. சாதாரண ஆட்களும் போட்டியிட வேண்டுமென்றே என்ஜினுக்கு அளவு வைத்தார்கள்.

இன்று எல்லோருக்கும் ஒரே வகை என்ஜின்: கொன்டினென்டல் ஓ-200. கொள்ளளவு ஏறத்தாழ 3,300 சிசி, வலு சுமார் 100 குதிரைவலு. அளவில் ஒரு வான் என்ஜின் மாதிரிதான். வெற்று எடை 227 கிலோவுக்குக் குறையக் கூடாது. சக்கரங்களை உள்ளே மடக்கக் கூடாது. எட்டு விமானங்கள் வரை ஒன்றாக ஓடுபாதையிலிருந்து கிளம்பி, கம்பங்களைச் சுற்றி எட்டுச் சுற்று பறக்கும். வேகம் மணிக்கு 400 கிலோமீற்றரையும் தாண்டும்.

வலு சமம் என்பதால் இறக்கையின் வடிவம், மேற்பரப்பின் வழுவழுப்பு, வளைவில் ஓட்டுபவரின் கை ஆகியவைதான் வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

ஆபத்தும் உண்டு. 1964இல் தொடங்கிய ரெனோ பந்தய விழாவின் கடைசி நாளில், 2023இல், வேறொரு பிரிவின் இரு விமானங்கள் மோதி இரண்டு விமானிகள் இறந்தார்கள்.

நம் பக்கத்தில் இந்தப் பந்தயம் இல்லை. ஆனால் மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மாடிக்கட்டட மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். அதைப் பதிவு செய்யவே 2017 வரை அலைய வேண்டியிருந்தது. கட்டுவதைவிட அனுமதி எடுப்பது கடினம்.

தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு விமானம் கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஓர் என்ஜினைக் கழற்றிப் பூட்டிப் பார்க்க ஒரு பட்டறையாவது அவனுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். விதியைச் சமமாக்கினால் வசதி குறைந்தவரும் ஓடலாம் என்பதைத்தான் இந்தப் பந்தயம் காட்டுகிறது.