மலையோட்டமும் மலைக்காவலும்

ஊரார் ஒருங்குகூடி மலைமீது ஏறியிறங்கி ஓடும் பந்தயங்கள் இக்காலத்தில் உலகின் பல பாகங்களிலும் நடைபெறுகின்றன. அலாஸ்காவிலுள்ள சீவார்டு என்னும் சிறு துறைமுக நகரத்தார் 1915-ஆம் ஆண்டில் தொடங்கிய மவுண்ட் மாரத்தான் ஓட்டம் இன்றும் ஜூலை 4-ஆம் நாளில் நிகழ்ந்து வருகின்றது. இத்தகைய ஓட்டங்கள் உடற்கு உரமும் ஊர்க்கு ஒற்றுமையும் அளிப்பன என்பதில் ஐயமில்லை. ஆயின், காக்கப்பட்ட காடுகளில் இவற்றை நடத்துங்கால், ஓடுவார்க்கும் காட்டிற்கும் ஊறு நேராவண்ணம் காப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

கடற்கரையூராகிய புன்னைக்காயலில் வாழும் எமக்கு மலையைப் பற்றிய கவலை எற்றுக்கெனச் சிலர் வினவலாம். பொதிகையிற் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவந்து கடலொடு கலப்பது எம்மூரின் அருகிலேயாம். மழைவெள்ளம் மலையில் அரித்த மண்ணையும் மாந்தர் எறிந்த கழிவையும் சுமந்து வருமாயின், அவற்றின் இறுதிப் பங்கு கழிமுகத்தில் வலைவீசுவார்க்கே உரியது.

முதற்கண் ஓடுவாரின் பாதுகாப்பை நோக்குவோம். 2021-ஆம் ஆண்டு மே 22-இல் சீனத்தின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில், திடீரென வந்த ஆலங்கட்டி மழையாலும் கடுங்குளிர்க் காற்றாலும் 21 பேர் உயிர் துறந்தனர். மெல்லிய ஆடையே உடுத்திருந்த அவர்கள் அகப்பட்ட செங்குத்தான வழியில் உதவி விரைந்து சென்றடைய இயலவில்லை. நம் நாட்டிலோ, 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லிற் பற்றிய தீ காற்றொடு பரவி, மலையேறச் சென்றோருள் 20-க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. ஒன்று குளிர், மற்றொன்று நெருப்பு. எனினும் பாடம் ஒன்றே. காலமும் வழியும் அறியாது மலைபுகுதல் உயிர்க்கு இறுதியாம்.

இனிக் காட்டின் நிலையை நோக்குவோம். ஒருவர் நடந்த சுவடு விரைவில் மறையும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் ஓடின், புல் தேய்ந்து மண் இறுகும். சேற்றுக்கு அஞ்சி ஒதுங்குவோர் காலடியால் ஒற்றையடிப்பாதை அகலும். அடுத்த மழையில் அப்பாதையே ஓடையாகி மண்ணை அரிக்கும். ஆரவாரத்திற்கு வெருவிய விலங்குகள் நீர்த்துறையையும் குட்டிகளையும் விட்டு விலகவும் கூடும்.

ஆகலின் மலையை முற்றும் அடைத்துவிடலாமோ எனின், அதுவும் அறிவுடைமை ஆகாது. வாயில் அடைபடின் வேட்கையுடையோர் மறைவழியே புகுவர். மறைவாய்ப் புகுந்தோரை எண்ணுவாரும் இலர், தேடுவாரும் இலர். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-இல் அமைந்தது. அதனுள் விளங்கும் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பெருந்திரள் கூடுகின்றது. வனத்துறையார் அத்திருவிழாவை விலக்கினாரல்லர். தங்கும் நாள்களுக்கு வரம்பிட்டும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடுத்தும் முறைப்படுத்துகின்றனர். குரங்கணித் துயரின் பின்னர்த் தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் அரசு 40 மலைவழிகளைத் தேர்ந்து, முன்பதிவும் வழிகாட்டியும் உடையனவாகத் திறந்தது.

இம்முறை எம் கரையார்க்குப் புதிதன்று. 1961-இல் இறுதியாக நடைபெற்ற முத்துச் சலாபத்தை நினைமின். கடலிடத்துப் பார்களை முன்னரே ஆராய்ந்து, சிப்பிகள் முற்றியிருப்பின் மட்டுமே சலாபத்திற்கு நாள் குறிப்பர். இளஞ்சிப்பியாயின் முத்துக்குளிப்பு இல்லை. இன்றும் கிழக்குக்கரை விசைப்படகுகள் மீன்வளம் பெருகும்பொருட்டு ஆண்டிற்கு 61 நாள் கடலிற் செல்லாது நிற்கின்றன. கடலுக்கு ஏற்ற நெறி மலைக்கும் ஏற்கும் என்பது எம் துணிபு.

அந்நெறியின்படி வேண்டுவன நான்காம். முதலாவது, தீப்பற்றும் கோடையையும் பெருமழைக் காலத்தையும் நீக்கி நாள் குறித்தல். இரண்டாவது, வழியை முன்னரே ஆராய்ந்து, அது தாங்குமளவிற்கே ஆட்களை ஏற்று, பந்தயத்தின் பின்னர் அவ்வழி ஆறும்வரை ஓய்வளித்தல். மூன்றாவது, புகுவோரையும் மீள்வோரையும் தவறாது எண்ணுதல். சீவார்டில் 2012-ஆம் ஆண்டு ஓட்டத்திற்குச் சென்ற ஒருவர் மீண்டிலர். அவர் உடலும் கிடைத்திலது. நான்காவது, வானிலை மாறுங்கால் பந்தயத்தை அந்நொடியே நிறுத்தும் அதிகாரத்தை, பரிசிலும் கட்டணத்திலும் பற்றில்லாத வன அலுவலர் ஒருவரிடம் ஒப்படைத்தல்.

இவற்றுள் நான்காவதே அரிது. கூடிய கூட்டத்தின் முன் 'இன்று ஓட்டம் இல்லை' என உரைப்பதற்கு மனவுறுதி வேண்டும். அவ்வுரைக்கு முணுமுணுக்காது பணிதற்கும் அஃதே வேண்டும். நம் கல்லூரி மாணவர் மலைப்பயணம் புறப்படுங்கால் இவ்விரண்டிற்கும் ஆயத்தமாகச் செல்வாராக. இன்று திரும்பிவரின் மறு ஆண்டும் மலை அங்கேயே இருக்கும்; ஏறுதற்கு நாமும் இருப்போம்.