சாம்பலுக்குச் சம்பளம்!

'ஒரு ரூபாய்க்கு விறகு வாங்கி எரி... ஒன்றரை ரூபாய்க்கு மேல நான் தர்றேன்'னு அரசாங்கமே சொன்னா என்ன பண்ணுவீங்க? ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு இருபத்துநாலு மணி நேரமும் அடுப்பை எரிய விடுவீங்கதானே? சிரிக்காதீங்க பாஸ்... வட அயர்லாந்தில் நிஜமாவே நடந்த கதை இது. கடைசியில் அந்த அடுப்பில் ஓர் அரசாங்கமே வெந்துபோச்சு!

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். குளிர் நாடுகளில் கட்டடங்களைச் சூடாக்கவே ஏகப்பட்ட எண்ணெயும் எரிவாயுவும் எரியும். அதைக் குறைக்க பிரிட்டன் 2011-ல் கொண்டுவந்ததுதான் ஆர்.ஹெச்.ஐ. திட்டம். சோலார் வாட்டர் ஹீட்டர், ஹீட் பம்ப், மரத்தூள் வில்லைகளை எரிக்கும் பாய்லர்... இதில் ஏதாவது ஒண்ணை மாட்டினால், ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் அரசு காசு தரும். தொழிற்கூடங்களுக்கு 20 வருஷம். 2014-ல் வீடுகளும் சேர்ந்தன. அவங்களுக்கு 7 வருஷம்.

விட்டுப்போன ஒரு விதி!

2012 நவம்பரில் வட அயர்லாந்து இதைப் பார்த்து தனக்கொரு திட்டம் போட்டது. பிட் அடிச்சவன் முக்கியமான வரியை விட்ட கதையா, அங்கேதான் சொதப்பல்!

பிரிட்டன் விதிப்படி சின்ன, நடுத்தர பாய்லர்கள் முழுத் திறனில் வருஷத்துக்கு 1,314 மணி நேரம் தரும் வெப்பத்துக்குத்தான் முழு ரேட். அதாவது, வருஷத்தில் 15 சதவிகித நேரம். அதுக்கு மேல ரேட் தடாலென்று இறங்கிடும். வட அயர்லாந்தில் இந்தத் தடுப்பே இல்லை. நடுத்தர பாய்லருக்கு யூனிட்டுக்கு 5.9 பென்ஸ் கொடுத்தாங்க. எரிபொருள் விலையோ அதைவிடக் கம்மி. 1 பவுண்ட் எரிச்சா சுமார் 1.60 பவுண்ட் கையில்!

சோலாரில் இந்த வேலை பலிக்காது. 'இன்னும் கொஞ்சம் காய்'னு சூரியனுக்கு ஆர்டர் போட முடியுமா? பிரிட்டனில் வீட்டு சோலாருக்கு, வருஷத்துக்கு இவ்வளவு வெப்பம் கிடைக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் பணம் தந்தாங்க. தொழிற்கூட பாய்லருக்கோ மீட்டர் ஓட ஓடக் காசு!

யாருமே சொல்லலையா?

சொன்னாங்க. வெப்பத்தை மிச்சப்படுத்தும் கருவி விற்ற ஒரு பெண், 2013-லேயே துறைக்கு எழுதினார். 'வீணாக்கினால்தான் லாபம்னா, எவன் என் கருவியை வாங்குவான்?' என்பதுதான் விஷயம். 'ஜனங்க அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க' என்ற ரீதியில்தான் பதில் வந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

2015-ல் 'ரேட் குறையப்போகுது' என்று தெரிந்ததும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தது கூட்டம். அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் 900-க்கும் மேல் விண்ணப்பம். 2016 பிப்ரவரியில் கதவைச் சாத்தினார்கள். அப்படியே விட்டிருந்தால் 20 வருஷத்தில் 49 கோடி பவுண்ட் கூடுதல் செலவு என்று மதிப்பிட்டாங்க.

திட்டம் வந்தபோது துறை அமைச்சராக இருந்த ஆர்லீன் ஃபாஸ்டர், அப்போது முதல் அமைச்சர். 'விசாரணை முடியும்வரை விலகி இருங்க' என்றார்கள். அவர் மறுக்க, 2017 ஜனவரியில் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா. அங்கே ஒருத்தர் போனால் இன்னொருத்தரும் பதவியில் நீடிக்க முடியாது. ஆட்சி கவிழ்ந்தது. மற்ற சண்டைகளும் சேர்ந்துகொள்ள, மறுபடி அரசு அமைய 2020 ஜனவரி ஆச்சு!

2020 மார்ச்சில் வந்த நீதிபதி பாட்ரிக் காக்லின் விசாரணை அறிக்கையில் 319 பக்கமில்லை... 319 முடிவுகள்! பெருமளவில் இது ஊழல் இல்லை, திறமைக்குறைவும் அலட்சியமும்தான் என்றது அறிக்கை.

நிஜமான சோகம் வேற. கடன் வாங்கி பாய்லர் மாட்டி, தேவைக்கு மட்டும் எரிச்ச கோழிப்பண்ணைக்காரர்களும் உண்டு. 2019-ல் ரேட்டை வெட்டியபோது, வருஷத்துக்கு சராசரியாக 13,000 பவுண்ட் அளவில் வந்தது, சுமார் 2,000-க்கு இறங்கியது. வீணாக்கினவனுக்கும் யோக்கியனுக்கும் ஒரே தண்டனை!

பிரிட்டனின் வீட்டுத் திட்டம் 2022 மார்ச்சோடு புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. அதே வருஷம் மே மாதம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த அடுத்த திட்டத்தில், யூனிட் கணக்கே கிடையாது. ஹீட் பம்ப் மாட்டும்போதே ஒருமுறை மானியம், அவ்வளவுதான்.

நாளைக்கு நம்மில் யாரோ இப்படி ஒரு ஃபார்முலா எழுதப்போறோம். எழுதி முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க மக்களே... 'இதில் ஒருத்தன் காசு பார்க்கணும்னா, என்ன பண்ணுவான்?'