வருமுன் காத்தல்

தொண்டை நாடு ஏரிகளின் நாடு. ஆண்டு முழுதும் நீர் பெருகி ஓடும் ஆறு எதுவும் இந்நாட்டில் இல்லை. பாலாறும் பெரும்பாலான நாள்களில் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். ஆதலால், ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்துப் பயன்கொள்ளும் பொருட்டு, முன்னோர் ஊர்தோறும் ஏரி கண்டனர். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள படப்பை அத்தகைய ஏரியூர்களுள் ஒன்று. அதனை அடுத்துள்ள மணிமங்கலம், ஆதனூர், ஒரத்தூர் முதலிய ஊர்களும் ஏரிகளை உடையனவே. வாழ்வளிக்கும் இவ்வேரிகளே, விழிப்பின்றி இருப்பார்க்குக் கேடும் விளைக்க வல்லன.

எவ்வூருக்கு எக்கேடு வரக்கூடும் என்பதை அவ்வூரின் நிலமே முன்னறிவிக்கும். கடற்கரையில் வாழ்வோர் கடற்பேரலையை எண்ணி அஞ்சுவர். மலைநாட்டில் வாழ்வோர் மண்சரிவை எண்ணி அஞ்சுவர். படப்பையோ கடலுக்கு விலகி, உள்நாட்டில், ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் இடையே அமைந்தது. எனவே, அவ்வட்டாரத்தார் முதலாவதாகக் கருத வேண்டுவது வெள்ளம், அடுத்தது புயற்காற்று, மூன்றாவது, ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் பெருகியுள்ள தொழிற்சாலைகளில் நேரக்கூடிய தீயும் நச்சுக்காற்றும் ஆகும். இம்மூன்றனுள்ளும் அடிக்கடி வருவதும் பெருங்கேடு செய்வதும் வெள்ளமே.

வெள்ளத்தை அறிதற்கு முதலில் ஏரியின் அமைப்பை அறிதல் வேண்டும். மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் வரத்துக்கால் வழியே ஏரியை அடையும். பள்ளமான பக்கத்தில் அமைந்த கரை அந்நீரைத் தடுத்து நிறுத்தும். பாசனத்திற்கு வேண்டிய நீர் மதகின் வழியே வயலுக்குச் செல்லும். ஏரி நிறைந்தபின் எஞ்சிய நீர் கரையை உடைத்துவிடாதபடி, கரையினும் தாழ்வாகக் கட்டப்பட்ட கலங்கல் வழியே வெளியேறும். அவ்வாறு வெளியேறிய நீர் வீணாவதில்லை. அது கீழேயுள்ள அடுத்த ஏரியைச் சென்றடையும். இங்ஙனம் ஏரிகள் பலவும் ஒரு சங்கிலிபோலப் பிணைக்கப்பட்டுள்ளன. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகளிலிருந்து வழியும் நீரே ஒன்றுகூடி அடையாறு என்னும் பெயர் பெற்றுச் சென்னையை ஊடறுத்து வங்கக்கடலில் கலக்கின்றது.

2015ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பருவமழை அளவிறந்து பெய்தது. சென்னையில் அவ்வொரு திங்களில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ஏரிகள் அனைத்தும் நிறைந்து ததும்பின. அந்நிலையில், டிசம்பர் 1ஆம் நாள் காலை தொடங்கி மறுநாட் காலை முடிய, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் அதனை அதி கனமழை என வானிலைத் துறையினர் வகுப்பர். பெய்ததோ அதனினும் இருமடங்குக்கு மேல்.

இதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர் சேரும். 49 சென்டிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் லிட்டர் நீர் சேரும். ஏரியில் இடமில்லை, மண்ணும் நனைந்து உண்ணும் ஆற்றலை இழந்துவிட்டது. பின்னர் அந்நீர் எங்கே செல்லும்? தாழ்ந்த இடம் எதுவோ அங்கேயே சென்றது. முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகள் நீரில் அமிழ்ந்தன. தெருக்களிற் படகுகள் செலுத்தப்பட்டு மக்கள் மீட்கப்பட்டனர். அவ்வாண்டின் மழை வெள்ளத்தில் தமிழகத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

அவ்வெள்ளத்தைப் பற்றிப் பேசுவோர் செம்பரம்பாக்கம் ஏரியையே பெரிதும் பேசுவர். 3,645 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளத்தக்க அவ்வேரியிலிருந்து அன்று நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது உண்மையே. ஆயினும், அந்நீர் அடையாற்றில் வந்து கலக்கும் இடம் திருநீர்மலைக்கு அருகில் உள்ளது. முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேற்புறத்தில் அமைந்தவை. அவ்வூர்களை மூழ்கடித்தது, படப்பை, மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதிகளின் ஏரிகளும் நிலங்களும் ஒருங்கே வெளிவிட்ட நீரே ஆகும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. செம்பரம்பாக்கத்தில் கதவுகள் உள்ளன. அவற்றைத் திறப்பதற்கு அலுவலர் உளர். திறக்குமுன் அறிவிப்பும் செய்வர். சிற்றேரிகளின் கலங்கலுக்கோ கதவு இல்லை. ஏரி நிறைந்தால் நீர் தானே வழியும், நள்ளிரவாயினும் வழியும், எவருடைய ஆணைக்கும் காத்திராது. ஆதலால், ஏரியின் நீர்மட்டத்தை ஊராரே நாள்தோறும் நோக்கி அறிதல் வேண்டும். கலங்கலுக்கு இன்னும் எத்தனை அடி குறைவு என்பதை அறிந்தவன், அடுத்த மழை என்ன செய்யும் என்பதையும் அறிவான்.

முற்காலத்தில் இவ்விழிப்பு ஊராட்சியின் கடமையாகவே இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அவை, குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பேணுவதற்கென்றே ஒரு குழுவை அமைத்த முன்னோரின் அறிவு போற்றத்தக்கது. பின்னரும் ஊரார் ஒன்றுகூடிக் கால்வாயைத் தூர்வாரிக் கரையை உயர்த்தும் பணி குடிமராமத்து என வழங்கிற்று.

இன்றோ வட்டாரத்தின் தோற்றம் மாறிவிட்டது. கடந்த முப்பது ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றால் பல்லாயிரவர் வேலை பெற்றனர். எனினும், மழையை உண்ட வயல்கள் பல, மழையை உண்ணாத கூரைகளாகவும் சாலைகளாகவும் மாறின. நீர் ஓடிய தாழ்நிலங்கள் வீட்டுமனைகளாயின. வழி அடைபட்ட நீர் வீட்டினுள் புகுதல் இயல்பே. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் முடிச்சூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. ஆகவே, ஆடி ஆவணியிலேயே கால்வாய்களைத் தூர்வாருதலும், அவற்றில் குப்பை கொட்டாமையும், அவற்றை எவரும் கவர்ந்துகொள்ளாது காத்தலும் முதற்பெருங் கடமைகளாம்.

இனி, இல்லத்தார் செய்ய வேண்டுவன சில உள. தம் வீடு மேட்டில் உள்ளதா, பள்ளத்தில் உள்ளதா என்பதையும், 2015இல் நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும். நீர் சூழ்ந்தால் எவ்வழியே எம்மேட்டுக்குச் செல்வது என்பதைக் குடும்பத்தார் அனைவரும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். நிலப்பத்திரம், குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ் முதலியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வைத்தல் நன்று. பொரி, அவல், ரொட்டி, தூய குடிநீர், நாள்தோறும் உண்ணும் மருந்து, கைவிளக்கு ஆகியவற்றை ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்ல ஏற்ற நிலையில் வைத்தல் வேண்டும்.

வானிலைத் துறையினர் எச்சரிக்கையை நிறங்களால் அறிவிப்பர். பச்சை, அச்சமில்லை என்பதைக் காட்டும். மஞ்சள், விழிப்பாய் இருக்கச் சொல்லும். செம்மஞ்சள், ஆயத்தமாகுமாறு கூறும். சிவப்பு, உடனே செயற்படுமாறு ஆணையிடும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்தில் இப்பொறுப்புக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியரே. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்னும் எண்ணிலும், மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஒரு பிரிவு அரக்கோணத்தில் உள்ளது. ஆயினும், எப்படையும் வந்து சேரச் சில நாழிகை ஆகும். அந்நாழிகைகளைக் கடக்க உதவுவது மக்களின் முன்னேற்பாடே.

நீர் வாயிலை அடையுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். சமையல் எரிவாயு உருளையை மூடிவிடல் வேண்டும். கால்நடைகளைக் கட்டவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடல் வேண்டும். ஓடும் நீரை எளிதாக எண்ணலாகாது. அரை அடி ஆழமே ஆயினும் விரைந்தோடும் நீர் ஆளை வீழ்த்தும். இரண்டடி ஆழமாயின் மோட்டார் வண்டியையும் இழுத்துச் செல்லும். வெள்ளம் வடிந்த பின்னரும் அச்சம் நீங்குவதில்லை. நீரைக் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும். இன்றேல் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல் முதலிய நோய்கள் பரவும். நனைந்த மின்கருவிகளைத் தேர்ந்தவர் சோதித்த பின்னரே இயக்குதல் வேண்டும்.

புயலின்போது வீட்டைவிட்டு வெளியேறாமையே நலம். 2016 டிசம்பர் 12ஆம் நாள் சென்னை அருகே கரை கடந்த வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது. காற்று திடீரென அடங்கினால், புயல் ஓய்ந்தது என எண்ணி வெளிவருதல் கூடாது. புயலின் நடுப்பகுதி கடந்தவுடன் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறி வீசும்.

தொழிற்சாலைக் கேடுகளுக்குப் போபால் நகரமே பெரும்பாடம். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு அங்கு நச்சுக்காற்று கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கசிந்தது யாது, செய்ய வேண்டுவது யாது என்பதை அறியாமையால் அழிவு பெருகிற்று. அதன்பின், 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், தொழிலில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்குமாறு விதித்தது. நச்சுக்காற்று கசிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லுதல் வேண்டும்.

வருமுன் காத்தல் தன்னலம் அன்று. ஒரகடத்தின் தொழிற்சாலைகளில் உழைப்போருள் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். அவர்கள் தாழ்வான வாடகை அறைகளில் தங்குவர்; தமிழில் வெளிவரும் அறிவிப்பு அவர்கட்கு விளங்காது; எவ்விடம் மேடு என்பதும் தெரியாது. அவர்க்கு வழிகாட்டுதல் ஊராரின் கடமை. தனித்து வாழும் முதியோர், நோயாளர், கருவுற்ற மகளிர் ஆகியோர் யார் யார், எங்கெங்கு உள்ளனர் என்பதைத் தெருவாரியாக எழுதி வைத்தலை மாணவரே செய்யலாம். பள்ளியில் மழைமானி அமைத்து நாள்தோறும் மழையளந்து ஊர்ப்பலகையில் எழுதுதலும், ஏரியின் நீர்மட்டத்தைக் குறித்து வருதலும் அவர்க்கு ஏற்ற தொண்டுகளாம்.

மழையை நிறுத்த எவராலும் இயலாது. நிறுத்தினால் ஏரி நாடு வாழவும் இயலாது. வரும் மழைக்கு வழிவிட்டு, நிறைந்த ஏரியை நோக்கி விழித்திருந்து, அயலாரையும் உடன்காக்கும் ஊரில் வெள்ளம் வரலாம்; உயிரிழப்பு வாராது காக்கலாம்.