ஒரு பந்து, ஒற்றைப் பாதை, எட்டுச் செயலிகள்

"தாத்தா, இந்த போனில் எட்டு செயலிகள் இருக்காம். அப்படின்னா எட்டு மடங்கு வேகமா ஓடணும் இல்லையா? ஏன் அப்பப்ப நின்னு நின்னு போகுது?"

பேரன் கேட்ட இந்தக் கேள்விக்கு, ரயிலே இல்லாத இந்த அந்தமானில் எனக்கு ரயில்தான் விடை சொல்லிக் கொடுத்தது.

நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில், ஒற்றைப் பாதைகள் பலவற்றில் பந்து டோக்கன் முறை இருந்தது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஆளுக்கொரு கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது திரும்பிக் கருவிக்குள் சேரும்வரை இரு பக்கத்திலும் வேறு பந்து வராது. அந்த உலோகப் பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். பந்து கையில் இல்லாமல் வண்டி அந்தப் பாதையில் நுழையக் கூடாது. எதிர்வண்டி காத்துக் கிடக்கும். பயணிகள் முணுமுணுப்பார்கள். ஆனால் நேருக்கு நேர் மோதல் தவிர்க்கப்பட்டது.

கணினியின் இயங்குதளத்துக்கு உள்ளே கெர்னல் என்ற உட்கரு இருக்கிறது. நினைவகம், கோப்புகள், செயலிகளின் வேலைப் பங்கீடு எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். அங்கேயும் இதே சிக்கல் உண்டு.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். சென்னைக் கப்பலில் ஒரே ஒரு படுக்கை மீதி இருக்கிறது. இரண்டு கவுண்டர்களில் இருவர் ஒரே நொடியில் பதிவேட்டைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் "1" என்றே தெரிகிறது. இருவரும் சீட்டுக் கொடுத்துவிட்டால், கப்பலில் ஒரு படுக்கைக்கு இரண்டு குடும்பங்கள் நிற்கும். கெர்னலுக்குள் படுக்கைக்குப் பதில் நினைவகத் துண்டு. ஒரே துண்டை இரண்டு செயலிகள் தனித்தனியே எடுத்துக் கொடுத்துவிட்டால், ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதுவார்; தகவல் கெடும், கருவி உறைந்து நிற்கும். அதனால்தான் அங்கேயும் பூட்டு என்ற டோக்கன் வைத்திருக்கிறார்கள். டோக்கன் கிடைக்காத செயலி, "கிடைத்ததா, கிடைத்ததா?" என்று கேட்டபடி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் வீண்தான்.

லினக்ஸ் கெர்னல் (ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பதும் இதுவே) 1996-இல் வந்த 2.0 பதிப்பில் பல செயலிகளுக்கு இடம் கொடுத்தது. அப்போது கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை முழுப் பாதைக்கும் ஒரே டோக்கன் வைத்தது போல! பிறகு நிலையத்துக்கு நிலையம் டோக்கன் என்பதுபோல் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்தார்கள். அந்தப் பெரிய பூட்டு முற்றிலும் நீங்கியது 2011-இல். பதினைந்து ஆண்டு உழைப்பு!

காத்திருப்போரிடையே நியாயமும் வேண்டுமல்லவா? பூட்டு திறந்ததும் அருகில் இருக்கும் செயலியே அதை மீண்டும் மீண்டும் தட்டிச் சென்றால், தூரத்தில் இருப்பது ஏமாந்து நிற்கும். 2008-இல் வந்த 2.6.25 பதிப்பில், மருத்துவமனையில் சீட்டு எண் கொடுப்பதுபோல் வரிசை எண் முறை வந்தது. முதலில் வந்தவருக்கு முதலில்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் நேர அறிவிப்பைப் பலர் நின்று படிக்கிறார்கள். நேரம் மாறிவிட்டது. படிப்பவர்களை விரட்டிவிட்டா தாளை மாற்றுவது? புதுத் தாளைப் பக்கத்தில் ஒட்டி, இனி வருபவர்களை அதன் பக்கம் திருப்பிவிடலாம். பழையதைப் படித்துக்கொண்டிருந்த கடைசி ஆள் நகர்ந்த பிறகு அதைக் கிழித்தால் போதும். ஆர்.சி.யு. என்ற முறை இதுதான். படிக்கும் செயலிக்கு டோக்கனே வேண்டாம். மாற்றுபவர் மட்டும் பொறுத்திருக்க வேண்டும். அடிக்கடி படித்து, அபூர்வமாக மாற்றும் பட்டியல்களுக்கு இது ஏற்றது. பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் அமெரிக்காவின் சீக்வெண்ட் நிறுவனத்தில் 1990-களில் இதை வகுத்தார்கள். 2002-இல் லினக்ஸில் சேர்ந்தது. அதைச் சேர்த்த பணியில் ஐ.பி.எம். இந்தியாவின் திபங்கர் சர்மாவுக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை.

இங்கேயும் காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நூறு பேர் தலையிலிருந்து ஒருவர் தலைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

பேரனுக்குக் கணக்கும் போட்டுக் காட்டினேன். உன் போனில் எட்டும் ஒரே திறனுடையவையாக இல்லாமலிருக்கலாம். இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும் என்றால், எட்டு செயலிகளால் கிடைப்பது ஏறத்தாழ 4.7 மடங்கு வேகமே. ஆயிரம் செயலி வைத்தாலும் பத்து மடங்கைத் தொடாது. ஜீன் அம்தால் 1967-இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இது.

"அப்போ என்னதான் செய்யறது, தாத்தா?"

"பந்தை வாங்கிய ஓட்டுநர் நடுவழியில் டீ குடிக்க நிற்கக் கூடாது. அடுத்த நிலையம் போனதும் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கெர்னல் எழுதுகிறவர்களுக்கும் அதுதான் விதி: பூட்டைத் தேவைக்கு மட்டும் எடு, சீக்கிரம் விடு."

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ வீட்டுல காலையில குளியலறையை அரை மணி நேரம் பூட்டிக்கிறது யாரு?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறேன்.