சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

குளிர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கேமரன் மலை. அங்கே போய்க் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு வந்தால், பத்து நாளைக்கு வீட்டில் அதே பேச்சுதான். ஆனால் கனடாவின் வினிப்பெக் நகரில் ஜனவரி மாத இரவுகளில் குளிர் சர்வசாதாரணமாகப் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் வீட்டு ஐஸ் பெட்டியில் மீன் வைக்கும் மேல்தட்டுகூட அவ்வளவு குளிர்வதில்லை! காரின் எஞ்சின் மறுநாள் கிளம்ப வேண்டுமானால் இரவெல்லாம் மின்சாரத்தால் சூடேற்றி வைக்க வேண்டும். வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் வாரிக் கொட்டினால்தான் வெளியே கால் வைக்கலாம். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் இதைச் செய்ய முடியுமா? பனி வாரும்போது மாரடைப்பால் விழுந்தவர்கள் உண்டு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆகவே ஓய்வு பெற்ற கணவன் மனைவியர் பலர், குளிர் தொடங்குமுன் தெற்கே புறப்பட்டுவிடுகிறார்கள். அதுவும் வீட்டோடு! பஸ் போன்ற ஒரு வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் இருக்கும். வண்டியின் பின்னால் கடைக்குப் போய்வர ஒரு சிறு காரையும் கட்டி இழுத்துச் செல்வார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வின்னபேகோ நிறுவனம் 1966-ல் இத்தகைய வண்டிகளை வரிசையாகச் செய்யத் தொடங்கிய பிறகு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் இவை எட்டின. இப்படிக் குளிருக்குப் பயந்து வலசை போகும் முதியவர்களுக்கு அங்கே ‘பனிப்பறவைகள்’ என்று செல்லப் பெயர்.

இவர்கள் போய் இறங்கும் இடங்களில் ஒன்று அரிசோனா பாலைவனத்திலுள்ள குவார்ட்ஸைட். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். ஜனவரியில் போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள்! ஊர் மயானத்தில் ஒட்டக உருவம் வைத்த சிறு பிரமிடு ஒன்று நிற்கிறது. 1850-களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது கூடவே வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அது. அவர் 1902-ல் இறந்தார்.

ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசாங்க நிலம், 11,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. 1983-லிருந்து இத்தகைய நிலங்களில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அனுமதி தருகிறார்கள். பல ஆண்டுகளாக அந்த ஏழு மாதத்துக்கும் சேர்த்து வசூலித்த கட்டணம் 180 டாலர்தான். மின்சாரம் கிடையாது. கூரையிலுள்ள சூரியத் தகடுதான் விளக்கெரிக்கும். அடுப்பும் குளிர்ப்பெட்டியும் எரிவாயுவில் ஓடும். தண்ணீரை வண்டித் தொட்டியில் பிடித்து வந்து, பாத்திரம் கழுவுவதையும் அளந்து செய்ய வேண்டும். கழிவுத் தொட்டி நிரம்பினால் அதற்கென்றுள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பொதுக் குழாயடியில் வாளியோடு காத்து நின்ற நம் தாய்மார்களுக்கு இந்தச் சிக்கனம் புதிதல்ல. அங்கே அதைச் செய்கிறவர் ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ எஞ்சினியராகவோ இருப்பார், அவ்வளவுதான்.

ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறவர்கள் ஒரு ரகம். வீட்டையே விற்று வண்டி வாங்கியவர்கள் இன்னொரு ரகம். வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று நாம் கலங்குகிறோம். அவர்களோ இருக்கிற வீட்டைத் தாங்களே விற்கிறார்கள்! துணிச்சல்தான். ஆனால் வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறையுமே தவிர ஏறாது. திரும்பி வர நினைக்கும்போது, விற்ற வீட்டின் விலை எங்கேயோ போயிருக்கும்.

மருத்துவச் செலவு அதைவிடப் பெரிய கவலை. கனடாக்காரருக்குச் சொந்த நாட்டில் மருத்துவமனைச் செலவை அரசு ஏற்கிறது. எல்லையைத் தாண்டினால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும். ஆகவே தனிக் காப்புறுதி வாங்க வேண்டும். ஒண்டாரியோவில் ஆண்டுக்கு 212 நாளுக்கு மேல் மாநிலத்துக்கு வெளியே இருந்தால், வழக்கமாக அரசுக் காப்புறுதியே போய்விடும். அதனால் நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணுகிறார்கள். பல் கட்ட, கண்ணாடி வாங்க, மாத்திரை வாங்க மெக்ஸிகோ எல்லையில் லோஸ் அல்கோடோனஸ் என்ற சின்ன ஊர் இருக்கிறது. காரை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, நடந்தே போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, எல்லாரும் உடனே நாடு திரும்புங்கள் என்று கனடா அரசு அழைத்தது. பாதையில் தங்குமிடங்கள் பல மூடியிருக்க, முதியவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப்போனார்கள். சாதாரணப் பயணிகளுக்கு அடைத்த அமெரிக்கத் தரை எல்லை 2021 நவம்பர் 8-ல்தான் திறந்தது. இடையில் ஒரு முழுக் குளிர்காலம் பல வண்டிகள் வாசலில் பனி மூடி நின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலும் கணவர்தான் ஓட்டுவார். மனைவி பின்னால் நின்று கையசைத்து வழி காட்டுவார். அப்போது நடக்கும் சண்டையை அங்கே வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் நடுவழியில் கணவருக்கு நெஞ்சுவலி என்றால்? அதனால்தான் அனுபவசாலிகள், மனைவியும் அந்த வண்டியை ஓட்டப் பழகியே தீரவேண்டும் என்கிறார்கள். பெண்களுக்கென்று தனி ஓட்டுப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன.

ஓட்டவே முடியாத வயது வந்தபின்? 1978-ல் ஒரு தம்பதி தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ என்ற பயணிகள் சங்கம், டெக்ஸாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஊரில் இதற்கென்றே ஓர் இடம் அமைத்தது. வண்டியை அங்கே நிறுத்திவிட்டு அதிலேயே குடியிருக்கலாம். சாப்பாடு பொதுக் கூடத்தில். டாக்டரிடம் அழைத்துப்போக ஆள் உண்டு. கணவர் நோயில் விழுந்தாலும் மனைவி அவரை வேறெங்கும் அனுப்பாமல், அந்த வண்டியிலேயே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம்.